விற்றபின்னும் தொடரும் பொறுப்பு

நுழையும்முன்

புகையும் ஓசையும் இன்றி ஓடும் மின்வாகனங்கள் நம் தெருக்களில் பெருகி வருகின்றன. அவற்றை இயக்கும் ஆற்றல், இருக்கைக்கு அடியிலோ வண்டியின் தரைத்தளத்துக்கு அடியிலோ உள்ள மின்கலத்தில் அடங்கியிருக்கிறது. சில ஆண்டுகளில் அம்மின்கலம் தளர்ந்துவிடும். தளர்ந்தபின் அது எங்கே போகிறது? அதைப் பிரித்து உள்ளிருக்கும் உலோகங்களை மீட்கும் செலவு யாரைச் சேரும்? வாங்கியவரையா, ஊராட்சியையா, செய்து விற்றவரையா? இவ்வினாக்களுக்கு உலக நாடுகள் கண்டுவரும் விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

மின்கலத்தின் உள்ளே

அன்றாடப் பேச்சில் 'பேட்டரி' என்று வழங்கப்படும் பொருளை ஒற்றைப் பொருளாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். கார் ஒன்றின் மின்கலத்தைத் திறந்து பார்ப்பவருக்கு அவ்வெண்ணம் மாறிவிடும். 2010ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் என்னும் ஜப்பானியக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் முதல்வகை மின்கலம் 24 கிலோவாட் மணி ஆற்றலைத் தேக்கவல்லது. எடை ஏறத்தாழ 300 கிலோகிராம். உள்ளே 192 சிறு கலங்கள், நான்கு நான்காகச் சேர்த்து 48 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கலத்திலும் மெல்லிய செம்புத் தகட்டின்மேல் கிராஃபைட்டும், அலுமினியத் தகட்டின்மேல் லித்தியம் சேர்ந்த உலோகச் சேர்மமும் பூசப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே எளிதில் தீப்பற்றக்கூடிய நீர்மம் ஒன்று மின்பகுளியாக நிரம்பியிருக்கும்.

மின்னேற்றும்போதும் வண்டி ஓடும்போதும் லித்தியம் அயனிகள் இவ்விரு பூச்சுகளுக்கும் இடையே போவதும் வருவதுமாக உள்ளன. ஒவ்வொரு முறையும் அவற்றுள் மிகச் சிறு பகுதி மீள முடியாமல் சிக்கிக்கொள்கிறது. வெப்பம் மிகுந்தால் இவ்விழப்பும் மிகும். கொள்ளளவு, தொடக்கத்தில் இருந்ததில் 70 அல்லது 80 விழுக்காடாகச் சுருங்கும்போது வண்டி முன்போல் தொலைவு செல்வதில்லை. உரிமையாளர் புதிய மின்கலத்தைத் தேடுகிறார். ஆயினும் பழையது முற்றிலும் செயலிழந்துவிடவில்லை. தன் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கைத் தேக்கும் திறனோடுதான் அது வண்டியிலிருந்து இறக்கப்படுகிறது.

அத்திறனே அதன் இடரும் ஆகும். நசுங்கினாலோ, துளைபட்டாலோ, மழைநீர் புகுந்தாலோ உள்ளே குறுக்குச்சுற்று உண்டாகி வெப்பம் எழலாம். அவ்வெப்பம் அடுத்த கலத்தைத் தாக்க, அது மேலும் வெப்பத்தை உமிழ, தீ தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். அப்போது வெளிவரும் வளிகளுள் ஹைட்ரஜன் புளூரைடு போன்ற நச்சுவளியும் ஒன்று. பழைய மின்கலத்தைக் குப்பைமேட்டில் எறிவதும், காயலான் கடையில் சுத்தியலால் உடைப்பதும் எத்தகைய செயல்கள் என்பதை இதனால் உணரலாம்.

மறுபுறம், அம்மின்கலம் ஒரு சிறு சுரங்கமும் ஆகும். உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ மக்களாட்சிக் குடியரசு என்னும் ஒரே நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் சிறுவர்களும் உழைப்பது உலகறிந்த துயரம். லித்தியத்தின் பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவும் சிலியும் தருகின்றன. இவ்வளவு தொலைவிலிருந்து, இவ்வளவு உழைப்பில் வந்த உலோகங்கள் பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப்பின் மண்ணில் புதைவது எவ்வகையிலும் பொருத்தமில்லை.

தெரிந்து தெளிவோம்

லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிசு பெற்றபோது குட்இனஃப்பின் அகவை 97. இவ்வகை மின்கலத்தை 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

காரீயம் கற்பித்த பாடம்

விலைமதிப்புள்ள பொருள் எப்படியும் மறுசுழற்சிக்கு வந்துவிடும். அதற்குச் சட்டம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. இவ்வினாவுக்கான விடையைப் பழைய காரீய அமில மின்கலத்தின் வரலாறு தருகிறது.

லாரிகளிலும், வீட்டு மின்மாற்றுக் கருவிகளிலும், தொடக்ககால மின் ஆட்டோக்களிலும் பயன்பட்ட அம்மின்கலத்தின் எடையில் பாதிக்கு மேல் காரீயமே. அது 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். ஆகவே ஒரு சட்டியும் சிறிது கரியும் இருந்தால் எவரும் அதைப் பிரித்தெடுக்கலாம். விலையும் கிடைக்கும். அதனால் காரீய மின்கலம் குப்பைக்குப் போவது அரிது. ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. அது எந்த வழியாகத் திரும்பியது என்பதில்தான் துயரம் இருந்தது.

செனகல் நாட்டின் தலைநகரான டக்காரை ஒட்டி, தியாரோயே சுர் மேர் என்னும் குடியிருப்பு உள்ளது. அங்கே பல ஆண்டுகளாகப் பழைய மின்கலங்களை உடைத்துக் காரீயம் எடுக்கும் தொழில் திறந்தவெளியில் நடந்துவந்தது. உலகச் சந்தையில் காரீயத்தின் விலை உயர்ந்தபோது, தொழில் நடந்த இடத்து மண்ணையே மக்கள் சலித்துக் காரீயத் துகள்களைப் பொறுக்கத் தொடங்கினர். அம்மண் வீடுகளுக்குள்ளும் வந்தது. குழந்தைகள் அதில் விளையாடினர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்து மாதங்களில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தாரையும் தாய்மாரையும் மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்தபோது, அனைவர் குருதியிலும் காரீயம் அளவுக்கு மீறி இருந்தது. அங்கே எந்தப் பொருளும் வீணாகவில்லை. மறுசுழற்சி நூற்றுக்கு நூறு நடந்தது. அதற்கான விலையைக் குழந்தைகள் கொடுத்தனர்.

இது ஒரு தனி நிகழ்வு என்று தள்ளிவிட இயலாது. உலகக் குழந்தைகளுள் மூவரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளுக்கு, குருதியில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாக யுனிசெஃப் நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முறையற்ற மின்கல மறுசுழற்சியை அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அவ்வறிக்கை சுட்டுகிறது.

இந்தியாவும் இச்சிக்கலை அறிந்தே இருந்தது. 2001ஆம் ஆண்டின் மின்கல விதிகள், காரீய மின்கலம் செய்வோர் தாம் விற்றவற்றில் 90 விழுக்காட்டை மூன்றாம் ஆண்டிலிருந்து திரும்பப் பெற வேண்டும் என்றன. விதி தெளிவாக இருந்தது. ஆனால் தெருமுனை வணிகர், கணக்கும் வரியும் பாதுகாப்புச் செலவும் இல்லாதவர். அதனால் பழைய மின்கலத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க அவரால் இயன்றது. சரக்கு அவரை நோக்கியே சென்றது.

பொறுப்பு என்னும் கருத்து

கடையில் பொருளை வாங்கிப் பணத்தைக் கொடுத்தவுடன் அப்பொருள் மீதான விற்பவரின் தொடர்பு அறுந்துவிடுகிறது என்பதே வணிகத்தின் பழைய வழக்கம். அதன்பின் பொருள் பழுதாகலாம், குப்பையாகலாம். அதை அள்ளுவது நகராட்சியின் வேலை, செலவு வரி கட்டும் மக்களுடையது. இவ்வழக்கத்தை மாற்றும் கருத்து ஒன்றைத் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் என்னும் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 1990ஆம் ஆண்டு தம் நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கையில் முன்வைத்தார். ஒரு பொருளைச் செய்தவர், அது பயன்முடிந்து கழிவாகும் நிலைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அக்கருத்து. 'விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று சட்ட வழக்கில் அது அழைக்கப்படுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது செலவை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாற்றுவதாகவே தோன்றும். உற்பத்தியாளர் அச்செலவை விலையில் சேர்த்து நம்மிடமே வாங்கிவிடுவாரே என்று கேட்கலாம். வாங்கிவிடுவார்தான். இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. பொருளின் உள்ளமைப்பை மாற்றும் ஆற்றல் நகராட்சிக்கு இல்லை, வாங்கியவருக்கும் இல்லை. செய்தவருக்கு மட்டுமே உண்டு. பிரிக்கும் செலவு தம்மைச் சேரும் என்று தெரிந்தால், எளிதில் பிரிக்கக்கூடிய பொருளைச் செய்ய அவர் முயல்வார். லிண்ட்குவிஸ்ட் கருத்தின் உயிர்நிலை இதுவே.

மின்வாகன மின்கலத்துக்கு இக்கருத்து மற்றெந்தப் பொருளையும்விடப் பொருந்துகிறது. காரீய மின்கலங்கள் யாவும் ஏறக்குறைய ஒரே அமைப்புடையவை. லித்தியம் மின்கலங்களோ வேதியியலிலும் வடிவிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. வெளிப்பெட்டியைப் பார்த்து உள்ளே நிக்கலும் கோபால்ட்டும் உள்ளனவா, இரும்பும் பாஸ்பேட்டும் உள்ளனவா என்று சொல்ல இயலாது. எத்தனை முறை மின்னேற்றப்பட்டது, எந்தக் கலம் தளர்ந்தது என்பதெல்லாம் செய்தவரின் மென்பொருளுக்கே தெரியும்.

விலையும் ஒரு சிக்கல். நிக்கலும் கோபால்ட்டும் உள்ள மின்கலத்தைத் தேடி மறுசுழற்சியாளர் வருவர். இரும்பு பாஸ்பேட் வகை மலிவானது, வெப்பத்தை ஓரளவு தாங்குவது, நீண்டநாள் உழைப்பது. வாங்குபவருக்கு இவையெல்லாம் நன்மைகள். ஆனால் பிரித்தெடுப்பவருக்கு இரும்பினாலும் பாஸ்பேட்டினாலும் கிடைக்கும் வருவாய் மிகச் சிறிது. சந்தை தானாகத் தேடி வராத இத்தகைய மின்கலத்துக்குத்தான், கட்டாயமாகப் பொறுப்பேற்கும் ஒருவர் இன்றியமையாதவராகிறார்.

நமியேயில் ஓர் ஆலை

பொறுப்பேற்றல் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சான்று. லீஃப் காரை விற்பனைக்குக் கொண்டுவரும் முன்பே, 2010ஆம் ஆண்டு நிசான் நிறுவனம் சுமிட்டோமோ வணிக நிறுவனத்துடன் இணைந்து, பழைய மின்கலங்களைக் கையாள்வதற்கென்றே ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கியது. திரும்பி வரப்போகும் மின்கலம் ஒன்றுகூட இல்லாத காலத்தில் எடுத்த முடிவு அது.

அந்நிறுவனத்தின் ஆலை 2018ஆம் ஆண்டு புகுஷிமா மாநிலத்தின் நமியே என்னும் ஊரில் திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் அணுவுலை விபத்தாலும் மக்கள் முழுவதுமாக வெளியேற நேர்ந்த ஊர் அது. அங்கு வந்துசேரும் மின்கலம் ஒவ்வொன்றும் முதலில் சோதிக்கப்படுகிறது. 48 தொகுதிகளையும் சோதிக்கத் தொடக்கத்தில் 16 நாள்கள் ஆயின. பின்னர் முறையைச் சீராக்கி அதே சோதனையை நான்கு மணி நேரத்தில் முடித்தனர். இந்த விரைவு, மின்கலத்தின் அமைப்பையும் அதன் பயன்பாட்டுத் தரவையும் நன்கறிந்தவர்களுக்கே வாய்க்கக்கூடியது.

சோதனையில் நல்ல நிலையில் உள்ளவை எனக் கண்ட தொகுதிகள் ஒன்றுசேர்க்கப்பட்டு மீண்டும் காருக்கே செல்கின்றன. இவ்வாறு புதுக்கப்பட்ட 24 கிலோவாட் மணி மின்கலம் 2018இல் 3 இலட்சம் யென்னுக்கு விற்கப்பட்டது. புதிய மின்கலத்தின் விலையில் அது பாதிக்கும் குறைவு. நடுத்தர நிலையில் உள்ளவை வேறு பணிகளை ஏற்கின்றன. கிழக்கு ஜப்பான் இரயில் நிறுவனத்தின் கடவுப்பாதைகளில் மின்தடையின்போது விளக்குகளையும் தடுப்புகளையும் இயக்கும் பொறுப்பு அவற்றுள் சிலவற்றுக்குத் தரப்பட்டது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள யோகான் குரைஃப் கால்பந்து அரங்கில், 148 லீஃப் கார்களின் மின்கலங்களுக்கு இணையான சேமிப்பு நிலையம் 2018ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதில் புதியனவும் பழையனவும் கலந்து பயன்படுகின்றன.

எதற்கும் உதவாத நிலையை அடைந்தவை மட்டுமே பிரித்தெடுத்தலுக்குச் செல்ல வேண்டியவை. அதற்கு இரு வழிகள் உள்ளன. பேரளவு உலையில் உருக்குவது ஒன்று. கோபால்ட்டும் நிக்கலும் செம்பும் உருகிக் கலவையாகக் கீழே சேரும். லித்தியமோ கசட்டோடு போய்விடும். மற்றொன்று, எஞ்சிய மின்னை முழுதும் வடித்து, காற்றுப் புகாத எந்திரத்தில் நறுக்கி, சலித்துக் கிடைக்கும் கருந்தூளை அமிலத்தில் கரைத்து ஒவ்வோர் உலோகமாகப் பிரிப்பது. இம்முறையில் லித்தியமும் மீட்கப்படுகிறது. ஆனால் அமிலக் கழிவைத் தூய்மைப்படுத்தும் செலவு உண்டு. அச்செலவைத் தவிர்த்துவிட்டு, கழிவை வாய்க்காலில் விடும் பட்டறை எப்போதும் மலிவாகவே வேலை செய்யும்.

சட்டங்கள் சொல்வன

சீனா 2018ஆம் ஆண்டிலேயே வாகன நிறுவனங்களின்மீது முதன்மைப் பொறுப்பைச் சுமத்தியது. ஒவ்வொரு மின்கலத்துக்கும் குறியீட்டெண் தந்து, அதன் பயணத்தைப் பின்தொடரும் கணினித் தளத்தையும் அமைத்தது. அப்படியிருந்தும் அரசின் ஏற்புப் பெற்ற ஆலைகளைவிடக் கூடுதல் விலை கொடுத்துப் பழைய மின்கலங்களைச் சிறு பட்டறைகள் வாங்கிச் சென்றன. காரீயத்தின் கதை அங்கே புதிய உருவில் நிகழ்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம் இன்னும் விரிவானது. மறுசுழற்சியாளர் பழைய மின்கலத்திலுள்ள லித்தியத்தில் பாதியையேனும் 2027ஆம் ஆண்டு முடிவிற்குள்ளும், 80 விழுக்காட்டை 2031ஆம் ஆண்டு முடிவிற்குள்ளும் மீட்டாக வேண்டும். 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்வாகன மின்கலத்துக்கும் ஒரு மின்னணுக் கடவுச்சீட்டு தேவை. அதன் உள்ளடக்கமும் உடல்நிலையும் அதில் பதிவாகியிருக்கும். உற்பத்தியாளர் தொழிலை மூடிவிட்டாலோ நொடித்துப்போனாலோ கழிவைக் கையாளும் செலவுக்கு முன்கூட்டியே பிணையமும் அளிக்க வேண்டும். மின்வாகனத் துறையில் புதிய நிறுவனங்கள் தோன்றும் வேகத்தையும் மறையும் வேகத்தையும் காண்போர்க்கு இவ்விதியின் தேவை புரியும். மின்கலம் பத்தாண்டு வாழ்கிறது. அதைச் செய்த நிறுவனம் அவ்வளவு காலம் வாழும் என்பது உறுதியில்லை.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக, 2022 ஆகஸ்டில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அறிவிக்கப்பட்டன. காரீய மின்கலத்தோடு நில்லாமல் எல்லா வகை மின்கலங்களையும் இவை தழுவுகின்றன. நாட்டுக்குள் செய்பவர் மட்டுமன்றி இறக்குமதி செய்பவரும் உற்பத்தியாளராகவே கருதப்படுகிறார். மின்கலத்தை மண்ணில் புதைப்பதும் எரிப்பதும் கூடாது. மின்வாகன மின்கலத்திலிருந்து 2024–25இல் 70 விழுக்காடு, அடுத்த ஆண்டு 80, 2026–27 முதல் 90 விழுக்காடு பொருள்கள் மீட்கப்பட வேண்டும். புதிய மின்வாகன மின்கலத்தில் உள்நாட்டில் மறுசுழற்சி செய்த பொருள்கள் 2027–28இல் 5 விழுக்காடும், படிப்படியாக உயர்ந்து 2030–31இல் 20 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. மீட்ட பொருளுக்கு ஒரு நிலையான சந்தையை இது உண்டாக்குகிறது.

இலக்கை எட்டாத உற்பத்தியாளர் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்த வேண்டும். இங்கே விதியை வகுத்தோர் காட்டியுள்ள நுட்பம் கருதத்தக்கது. இழப்பீட்டைக் கட்டிவிட்டதனால் பொறுப்பு நீங்கிவிடாது. நிறைவேறாத பங்கு மூன்றாண்டுகள்வரை தொடர்ந்து வரும். ஓராண்டுக்குள் நிறைவேற்றினால் கட்டிய தொகையில் 75 விழுக்காடும், ஈராண்டுக்குள் என்றால் 60 விழுக்காடும், மூன்றாம் ஆண்டில் 40 விழுக்காடும் திருப்பித் தரப்படும்.

சான்றிதழும் சரக்கும்

இந்திய விதியின்படி உற்பத்தியாளர் தாமே ஆலை அமைக்க வேண்டியதில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் எவ்வளவு பொருளை மீட்டாரோ அவ்வளவுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் சான்றிதழ் உருவாகும். உற்பத்தியாளர் அச்சான்றிதழை விலைக்கு வாங்கித் தம் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். சிறு நிறுவனங்களுக்கு இது பேருதவி. ஆனால் லிண்ட்குவிஸ்ட் கருதிய தொடர்பு இதனால் தளர்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தம் மின்கலத்தைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சான்றிதழ் வாங்குபவர் ஒருபோதும் காண்பதில்லை.

சான்றிதழுக்குப் பின்னால் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பிளாஸ்டிக் கழிவுத் துறையிலும் இதே போன்ற முறை நடப்பில் உள்ளது. அங்கே சில மறுசுழற்சியாளர்கள் இலட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023ஆம் ஆண்டு கண்டறிந்தது.

திருகாணியும் பசையும்

இனி, தொழிற்சாலையின் வரைபட மேசைக்கு வருவோம். கலங்களைத் தொகுதியாகவும் தொகுதிகளைப் பெட்டியாகவும் சேர்க்க இரு முறைகள் உள்ளன. திருகாணிகளால் இணைத்தால் பின்னாளில் கழற்றலாம். பழுதான ஒரு தொகுதியை மட்டும் மாற்றலாம். ஒட்டுப்பசையாலும் நுரையாலும் நிரப்பி ஒரே கட்டியாக்கினால் எடை குறையும், உறுதி கூடும், செய்வதும் விரைவாகும். ஆனால் ஒரு கலம் கெட்டாலும் முழுவதையும் நறுக்கியாக வேண்டும். நமியேயில் நடப்பது போன்ற சோதனைக்கும் மறுபயன்பாட்டுக்கும் அங்கே இடமில்லை. இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பதை வாங்குபவரோ காயலான் கடைக்காரரோ முடிவு செய்வதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் ஆலைகளிலிருந்து மின் இருசக்கர வாகனங்கள் நாடு முழுவதும் செல்கின்றன. அவ்வாலைகளின் வடிவமைப்புப் பிரிவுகளில் பணிபுரியும் பொறியாளர்களுள் பலர் சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள். அவர்கள் இன்று வரையும் பெட்டியைப் பத்தாண்டுக்குப்பின் திறக்கப்போகிறவர் யார், கையுறையும் முகக்காப்பும் அணிந்த ஆலைத் தொழிலாளியா, சுத்தியலும் உளியும் ஏந்திய சிறுவனா என்பது அந்த வரைபடத்திலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் உள்ள மின் இருசக்கர வாகன விற்பனையகத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் சென்று, பயன்முடிந்த மின்கலத்துக்கு எவ்வளவு விலை தருகின்றனர், அதை எங்கே அனுப்புகின்றனர் என்று கேட்டறிந்து, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

'சான்றிதழ் வாங்குவதே போதும்' என்றும், 'தாம் விற்ற மின்கலத்தை உற்பத்தியாளர் தாமே திரும்பப் பெற வேண்டும்' என்றும் இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.